மெஷின் ஷாப்பிலிருந்து வகுப்பறைக்கு: ஒர்க்ஃபோர்ஸ் எஜுகேஷனில் முதுகலை படிக்கத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். ஊரில் மெக்கானிக்கல் பி.இ. முடித்துவிட்டு, அமெரிக்காவில் பன்னிரண்டு ஆண்டுகளாக சி.என்.சி. மெஷினிஸ்டாக, அதாவது கணினி இயக்கும் மெஷின்களில் உலோகத்தை வெட்டிச் செதுக்குபவராக, இருக்கிறீர்கள். பக்கத்துக் கவுண்டியின் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் மெஷின் ஷாப் ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது. 'ஒர்க்ஃபோர்ஸ் எஜுகேஷன் அண்ட் டெவலப்மென்ட்' (தொழிலாளர் கல்வியும் மேம்பாடும்) என்ற ஆன்லைன் முதுகலைப் படிப்பின் விளம்பரமும் கண்ணில் பட்டிருக்கிறது. அதைப் படித்தால் இந்த வேலை கிடைக்குமா, இல்லை பணமும் நேரமும் வீணா? கேள்வி ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன: பள்ளிக்குள் நுழைய என்ன வேண்டும், நுழைந்த பிறகு இருபது பிள்ளைகளை வைத்துச் சமாளிக்க என்ன வேண்டும், சில ஆண்டு கழித்து மேலே போக என்ன வேண்டும். மூன்றுக்கும் அந்த ஒரே பட்டம்தான் விடை என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: நுழைவதற்கு முதுகலை தேவையில்லை. பல மாநிலங்களில் இளங்கலையே கட்டாயமில்லை. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் தொழிற்பாட ஆசிரியருக்கு, அதாவது அவர்கள் சி.டி.இ. என்று சொல்லும் கேரியர் அண்ட் டெக்னிக்கல் எஜுகேஷன் ஆசிரியருக்கு, வாசலைத் திறப்பது மாநிலம் தரும் லைசென்ஸ். அந்த லைசென்ஸ் பெரும்பாலும் பட்டத்தைப் பார்ப்பதைவிட, அந்தத் தொழிலில் நீங்கள் கூலி வாங்கி வேலை செய்த காலத்தைப் பார்க்கிறது. கலிஃபோர்னியாவை எடுத்துக்கொண்டால், அங்கே தொழிற்பாட ஆசிரியர் சான்றிதழுக்கு உயர்நிலைப் பள்ளிப் படிப்பும் துறை சார்ந்த 3 ஆண்டு அனுபவமும் கேட்கிறார்கள். 1,000 மணி நேர வேலை ஓர் ஆண்டு என்று கணக்கு. அந்த அனுபவம் பழையதாக இருந்தாலும் போதாது: ஓர் ஆண்டாவது கடந்த 5 ஆண்டுக்குள்ளோ, இரண்டு ஆண்டு கடந்த 10 ஆண்டுக்குள்ளோ இருக்க வேண்டும். முதலில் கிடைப்பது 3 ஆண்டுக்கான தற்காலிகச் சான்றிதழ். வேலை பார்த்துக்கொண்டே ஆசிரியப் பயிற்சியை முடித்தால்தான் முழுச் சான்றிதழ். பென்சில்வேனியாவில் அனுபவத்தோடு தொழில்திறன் தேர்வும் உண்டு. எழுத்தும் செய்முறையும் சேர்ந்த தேர்வு அது. அங்கே தொழிற்பாட ஆசிரியர்களைத் தயார்செய்யும் மையங்கள் பென் ஸ்டேட், டெம்பிள், இந்தியானா யூனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியா என்ற மூன்று பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. ஆளை வேலைக்கு எடுத்துவிட்டுப் பாடம் நடத்தும் கலையைப் பிறகு கற்றுத்தருவதுதான் இந்தத் துறையின் வழக்கம். வேறு பாட ஆசிரியர்களுக்கு நடப்பதற்கு இது நேர் தலைகீழ்.

ஆகவே உங்கள் கையில் இப்போது இருக்கவேண்டிய காகிதம் கல்லூரி விண்ணப்பம் அல்ல, அனுபவக் கடிதம். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். 'இவர் எங்களிடம் 2014 முதல் வேலை செய்தார், நல்லவர்' என்று மனிதவளத் துறை தரும் ஒற்றை வரிக் கடிதம் உதவாது. வேலை தொடங்கிய தேதி, முடிந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், முழுநேரமா பகுதிநேரமா, என்ன மெஷின், என்ன வேலை, கையெழுத்திடுபவர் யார், அவருக்கு உங்கள் வேலை எப்படித் தெரியும் என்பவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். மூடிப்போன கம்பெனியில் வேலை பார்த்திருந்தால் அன்றைய சூப்பர்வைசரைத் தேடிப் பிடித்துக் கடிதம் வாங்குங்கள். ஊதியச் சீட்டும் வரிப் படிவமும் துணைக்கு நிற்கும், ஆனால் என்ன வேலை செய்தீர்கள் என்பதை அவை சொல்லாது. இந்தியப் பட்டத்தை நாக்கெஸ் என்ற கூட்டமைப்பில் உறுப்பினரான ஒரு மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, பாடவாரியான மதிப்பீடாகக் கேளுங்கள். 'பி.இ. என்பது இங்கே பேச்சிலர் பட்டத்துக்குச் சமம்' என்று மட்டும் சொல்லும் பொது மதிப்பீடு மலிவாக இருக்கும். பின்னால் முதுகலைச் சேர்க்கைக்கோ கூடுதல் லைசென்ஸுக்கோ பாடவாரியானதைக் கேட்டால் இரண்டாவது தடவை பணம் கட்ட வேண்டிவரும்.

சமுதாயக் கல்லூரியில், அதாவது கம்யூனிட்டி காலேஜில், கற்பிக்கும் எண்ணமும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அங்கே கணக்கு வேறு. மாநில லைசென்ஸைவிடக் கல்லூரியை அங்கீகரிக்கும் அமைப்பின் எதிர்பார்ப்புதான் பேசும். தென் மாநிலக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் எஸ்.ஏ.சி.எஸ்.சி.ஓ.சி.யின் வழிகாட்டுதலை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாண்டுப் படிப்புக்கு மாற்றிக்கொள்ளும் நோக்கமில்லாத தொழிற்பாடங்களுக்கு அந்தத் துறையில் இளங்கலை, அல்லது இரண்டாண்டு அசோசியேட் பட்டமும் நிரூபித்த தொழில்திறனும் போதும். கணிதம், ஆங்கிலம் போன்ற பொதுப்பாடங்களுக்கோ அந்தப் பாடத்திலேயே முதுகலை, அல்லது வேறொரு முதுகலையோடு அந்தப் பாடத்தில் 18 முதுகலை கிரெடிட் (கல்லூரிப் பாடத்தை அளக்கும் அலகு) வேண்டும். பலரும் கவனிக்காத இடம் இது: ஒர்க்ஃபோர்ஸ் எஜுகேஷனில் எடுக்கும் 30 கிரெடிட்டும் கல்வித்துறை கிரெடிட். அதை வைத்துக்கொண்டு கணிதமும் நடத்தலாம், இயற்பியலும் நடத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பட்டம் உங்களை எந்தத் தொழிலிலும் வல்லவராக்குவதில்லை. ஏற்கெனவே வல்லவராக இருப்பவருக்கு அதைப் பிறருக்குச் சொல்லித்தரும் வழியைத்தான் தருகிறது.

பட்டத்துக்கு வருவோம். பெயரைப் பார்த்து மட்டும் சேராதீர்கள். ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு படிப்புகள் நடக்கின்றன. ஒன்று பள்ளி, கல்லூரியின் தொழிற்பாட ஆசிரியர்களுக்கானது. மற்றொன்று கம்பெனிப் பயிற்சியாளர்களுக்கும் மனிதவள மேம்பாட்டுப் பிரிவினருக்கும் ஆனது. இந்த இரட்டைப் பிறவிக்கு ஒரு வரலாறு உண்டு. 1917-இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் விவசாயம், தொழில், மனையியல் ஆசிரியர்களுக்குக் கூட்டாட்சி அரசின் பணம் தந்து, தொழிற்கல்வியைப் பொதுக்கல்வியிலிருந்து தனியாகப் பிரித்து நிறுத்தியது. அதற்குச் சற்று முன்பே கல்வியாளர்கள் டேவிட் ஸ்னெடனும் ஜான் டூயியும் இதைப் பற்றித்தான் மோதிக்கொண்டார்கள்: ஸ்னெடன் சொன்னதுபோலப் பிள்ளைகளை இருக்கிற வேலைக்குத் தயார்செய்வதா, டூயி சொன்னதுபோல வேலையின் வழியாக அறிவை வளர்ப்பதா? சட்டம் ஸ்னெடன் பக்கம் சாய்ந்தது. இரண்டு உலகப் போர்களிலும் தொழிற்சாலைக்கு அவசரமாக ஆள் பழக்க வேண்டிவந்தபோது கம்பெனிப் பயிற்சி தனிக் கலையாக வளர்ந்தது. தொழிற்கல்விக்குக் கூட்டாட்சி நிதி தரும் பெர்கின்ஸ் சட்டத்தை 2006-இல் புதுப்பித்தபோது 'வொகேஷனல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கேரியர் அண்ட் டெக்னிக்கல்' என்று மாற்றினார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 2018-இல் கையெழுத்தான ஐந்தாவது பெர்கின்ஸ் சட்டம். பல்கலைக்கழகத் துறைகளும் ஆள் குறையக் குறையப் பெயரை மாற்றின, ஒன்றோடொன்று இணைந்தன. பழைய ஷாப் ஆசிரியர் பயிற்சித் துறையும் மனிதவள மேம்பாட்டுத் துறையும் ஒரே பலகையின் கீழ் உட்கார்ந்திருப்பது அப்படித்தான்.

எது எந்த வகை என்று பாடப்பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நிறுவன மேம்பாடு, மாற்ற மேலாண்மை, பயிற்சியின் பலனைப் பணத்தில் அளப்பது, ஆலோசகராகப் பணிசெய்வது என்று வரிசை போனால் அது கம்பெனி வகை. ஷாப் நிர்வாகமும் பாதுகாப்பும், தொழிற்பாடத்திட்டம் வகுத்தல், செய்முறை மதிப்பீடு, சிறப்புத் தேவையுள்ள மாணவர், தொழிலகத்தோடு இணைந்த கற்றல், தொழிற்கல்விச் சட்டம் என்று இருந்தால் உங்களுக்கானது. இரண்டுக்கும் பொதுவாக ஆராய்ச்சி முறை ஒன்று, புள்ளியியல் ஒன்று, வயதுவந்தோர் கற்றல் ஒன்று இருக்கும். இதோடு இன்னொன்று பாருங்கள்: லைசென்ஸுக்கு வழிசெய்வதாகச் சொல்லும் படிப்பு எந்தெந்த மாநிலத்தின் தேவையைப் பூர்த்திசெய்கிறது என்பதைக் கல்லூரி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கூட்டாட்சி விதி இருக்கிறது. வேறு மாநிலத்துக் கல்லூரியின் ஆன்லைன் படிப்பை எடுப்பவருக்கு இந்தப் பட்டியல் உயிர்நாடி. நாங்கள் எல்லா மாநிலத்திலும் பாடம் நடத்த அனுமதி பெற்றவர்கள் என்று கல்லூரி சொல்வது வேறு, உங்கள் மாநிலம் அந்தப் பாடங்களை லைசென்ஸுக்கு ஏற்பது வேறு. இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பணம் கட்டியபின் புலம்புவோர் உண்டு.

இப்படிச் சொல்வதால் பட்டம் வெறும் காகிதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல படிப்பாக இருந்தால் அது தருவது, நுழைந்தபின் சமாளிப்பது என்ற இரண்டாவது கேள்விக்கான சரக்கு. கைதேர்ந்த தொழிலாளியின் பெரிய குறையே அவர் கைதேர்ந்தவர் என்பதுதான். கை தானாகச் செய்வதை வாய் சொல்லாது. லேத்தில் (கடைசல் மெஷின்) வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கும் சக்கில், அதை இறுக்கும் சாவியைச் செருகினால் அது சக்கில் இருக்கும்வரை கையை எடுக்கக்கூடாது என்பது உங்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. அது ஒரு விதி என்பதே மறந்துபோயிருக்கும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. சாவியை அப்படியே விட்டுவிட்டு, சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலை ஓடவிட்டால் அது எங்கே பறக்கும் என்பதும் தெரியாது.

இந்த மறந்துபோன படிகளைத் தோண்டி எடுக்கும் வேலைக்குப் பெயர் பணிப் பகுப்பாய்வு. அதில் பெரும்பாலான படிப்புகள் சொல்லித்தருவது டேக்கம் என்ற முறை. 1960-களின் இறுதியில் கனடாவில் தொடங்கி, பிறகு ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பரவியது. ஒரு தொழிலில் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் 5 முதல் 12 கைதேர்ந்தவர்களை ஓர் அறையில் பெரும்பாலும் இரண்டு நாள் உட்காரவைத்து, அவர்கள் உண்மையில் செய்வதை அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது. முதலில் பெரிய பொறுப்புகள், பிறகு ஒவ்வொன்றின் கீழும் தனித்தனிப் பணிகள். ஒரு பணிக்குத் தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும், செய்துமுடித்தால் கண்ணால் பார்க்க ஏதாவது மிஞ்ச வேண்டும். 'பாதுகாப்பைப் புரிந்துகொள்வது' பணி அல்ல. 'மெஷினின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, சீட்டு மாட்டுவது' பணி. இது சொதப்புவதும் எப்போதும் ஒரே மாதிரிதான்: குழுவில் எல்லாரும் ஒரே கம்பெனிக்காரர்களாக இருப்பார்கள், பட்டியல் அந்தக் கம்பெனியின் பட்டியலாக முடியும். அல்லது ஒரு மேலாளர் வந்து உட்கார்வார், அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். ஆசிரியரே குழுவில் உட்கார்ந்தால் தான் ஏற்கெனவே நடத்தும் பாடங்களைப் பணிகளாக எழுதிவைப்பார். பட்டியல் தயாரானபின் வெளியில் வேறு தொழிலாளர்களிடம் கொடுத்து, எவ்வளவு முக்கியம், எவ்வளவு அடிக்கடி வரும், கற்க எவ்வளவு கடினம் என்று சரிபார்க்காவிட்டால் அது பத்துப் பேரின் அபிப்பிராயம்தான்.

பணியைப் பிரித்தபின் கற்பிக்க நான்கு படி முறை. அமெரிக்கத் தொழிற்பயிற்சி வல்லுநர் சார்லஸ் ஆலன் முதல் உலகப் போர்க்காலக் கப்பல் கட்டும் தளங்களில் பயன்படுத்தியதை, இரண்டாம் உலகப் போரில் டி.டபிள்யூ.ஐ. (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) என்ற அமெரிக்க அரசுத் திட்டம் மேலும் செதுக்கியது: மாணவரைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, செய்யவை, பிறகு போய்ப் பார். கேட்டால் சிறுபிள்ளைக்கும் தெரிந்ததுபோல இருக்கும். சூட்சுமம் அதற்கான தாளில் இருக்கிறது. இடப்பக்கம் வேலையை முன்னேற்றும் முக்கியப் படிகள், வலப்பக்கம் சாவிக் குறிப்புகள், அதாவது அந்தப் படியில் தவறவிடக்கூடாத நுணுக்கங்கள். ஒரு நுணுக்கத்தைச் சாவிக் குறிப்பாக்குவது மூன்று காரணம் மட்டுமே: அது தவறினால் வேலை கெடும், அல்லது ஆள் காயப்படுவார், அல்லது அதில் ஒரு கைநுட்பம் இருக்கிறது. புதிய ஆசிரியர் எல்லாவற்றையும் சாவிக் குறிப்பாக எழுதிவைப்பார். இருபது குறிப்புச் சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் நிற்காது.

கற்பிக்கப் பழகிய கண் எப்படி வேறுபடுகிறது என்பதற்கு, நுண்ணிய அளவுகளை அளக்கும் மைக்ரோமீட்டரையே சொல்கிறேன். அங்குல மைக்ரோமீட்டரின் தண்டில் அங்குலத்துக்கு 40 மரை. கையால் சுற்றும் உருளையான திம்பிளை ஒரு சுற்றுச் சுற்றினால் 0.025 அங்குலம் நகரும். நகராத உள் உருளையான ஸ்லீவின் ஒவ்வொரு கோடும் 0.025, திம்பிளின் விளிம்பில் உள்ள 25 கோடுகளில் ஒவ்வொன்றும் 0.001. விட்டம் சரியாக 0.500 அங்குலம் உள்ள உருளைத் துண்டை அளந்து ஒரு மாணவர் 0.525 என்கிறார். இன்னொருவர் 0.498 என்கிறார். நல்ல மெஷினிஸ்ட் இருவரிடமும் 'தப்பு, மறுபடி அள' என்பார். பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு இவை இரண்டு வேறு நோய்கள். முதலாமவர் ஸ்லீவில் ஒரு கோட்டைக் கூட்டி எண்ணியிருக்கிறார். அவருக்கு வேண்டியது அளவு கோட்டைப் படிக்கும் பயிற்சி, அதைக் காகிதத்தில் படம் வைத்தே தரலாம். இரண்டாமவருக்குப் படிக்கத் தெரியும். திம்பிளை அழுத்தி முறுக்கிவிட்டார், அல்லது பூஜ்ஜியத்தைச் சரிபார்க்கவில்லை. அவருக்குக் கை உணர்வு வேண்டும், அளவாக அழுத்தியதும் நழுவும் ராட்செட் குமிழைப் பிடித்துத் திருகப் பழக வேண்டும். 0.502 என்று வந்தால் அளக்கும் முகத்தில் தூசியோ பிசிரோ இருக்கிறதா, சாய்த்துப் பிடித்தாரா என்று பார்க்க வேண்டும். தவறின் அளவே தவறின் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. உங்கள் தொழிலின் ஒவ்வொரு பணிக்கும் இப்படி ஒரு தவறுப் பட்டியல் தயார்செய்யவைக்கும் படிப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. முதல் ஆண்டு ஆசிரியர்கள் பாடத்தில் திணறுவதைவிட இதில்தான் அதிகம் திணறுகிறார்கள். 20 மாணவர், 5 லேத், 90 நிமிட வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடம் எல்லாருக்கும் செய்து காட்டுகிறீர்கள். லேத்துக்கு ஒருவர் வீதம் 20 நிமிடம் கொடுத்தால் நான்கு சுற்று, 80 நிமிடம். சுத்தம் செய்ய 10. மொத்தம் 105. வகுப்பு முடிந்தும் கடைசிச் சுற்று முடிந்திருக்காது. முடிந்தாலும் அந்த ஐந்து பேர் நீங்கள் செய்து காட்டியதைப் பார்த்து ஒரு மணி நேரம் ஓடியிருக்கும், பாதி மறந்திருக்கும். அதற்குள் சும்மா நிற்கும் 15 பேர் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதை விட்டுவிடுவோம். சுழற்சித் திட்டம் என்பது இதற்கான மருந்து: ஐந்து பேருக்கு மட்டும் அவர்கள் முறை வரும்போது செய்து காட்டுவது, மற்றவர்கள் அளவு மேசையிலும் வரைபடம் படிப்பதிலும் புரோகிராம் சிமுலேஷனிலும் இருப்பது, ஒரு நாளில் எல்லாரும் லேத்தைத் தொட வேண்டும் என்ற ஆசையை விட்டு இரண்டு வகுப்பாகப் பிரிப்பது. நீங்கள் எங்கே நின்றாலும் ஓடுகிற எல்லா ஸ்பிண்டிலும் கண்ணில் படவேண்டும் என்பதும் இதே பாடத்தில் வரும்.

மதிப்பீட்டில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். செய்த பொருளையும் செய்த விதத்தையும் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு சுழலும் வேலைப்பொருளைத் தொட்ட மாணவர் ±0.005 அங்குல டாலரன்ஸுக்குள் (அனுமதித்த அளவு வித்தியாசத்துக்குள்) ஒரு துண்டைச் செய்து காட்டலாம். பொருளை மட்டும் அளந்தால் அவருக்கு நூற்றுக்கு நூறு. பாதுகாப்புப் படிகளைச் சராசரியில் கலக்காமல், தவறினால் வேலை அங்கேயே நிற்கும் என்று வைப்பதுதான் முறை.

சட்டப்பாடம் அலுப்பாக இருக்கும், ஆனால் அதுதான் உங்களைக் காப்பாற்றும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் கம்பெனியில் வேலைக்குப் போகும்போது கூட்டாட்சித் தொழிலாளர் சட்டத்தின் 17 ஆபத்து வேலை உத்தரவுகள் குறுக்கே வரும். அவற்றில் 7-க்கு மட்டும், 16, 17 வயது மாணவப் பயிலுநருக்கு விலக்கு உண்டு. அதுவும் நிபந்தனையோடு: எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும், ஆபத்தான வேலை பயிற்சியோடு ஒட்டியதாக, விட்டுவிட்டு, குறுகிய நேரமாக, தகுதியுள்ளவரின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும், பாதுகாப்புப் பாடம் நடத்தியிருக்க வேண்டும், வேலைப் படிகளின் அட்டவணை இருக்க வேண்டும். மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் கடுமையானதே செல்லும். பெர்கின்ஸ் நிதி வாங்கும் பள்ளியில் உங்கள் ஷாப்புக்கு ஒரு மெஷின் வாங்க வேண்டுமென்றால் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் உள்ளூர்த் தேவை மதிப்பீட்டில் அதற்கான காரணம் இருக்க வேண்டும். ஒரே தொழிற்பாடத் திட்டத்தில் இரண்டு பாடமாவது முடித்த மாணவரைத்தான் அந்தச் சட்டம் உயர்நிலைப் பள்ளிக் கணக்கில் சேர்க்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வகுப்பில், சிறப்புத் தேவைக்காகப் பள்ளி எழுதித்தரும் தனிநபர் கல்வித் திட்டம் உள்ள பிள்ளைகள் கணிசமாக இருப்பார்கள். தொழிற்சாலையிலிருந்து நேராக வருபவர்களை முதல் வாரத்திலேயே திகைக்க வைப்பது அந்தக் காகிதக்கட்டுதான். அது சலுகைச் சீட்டு அல்ல, சட்டம். மெஷின் ஷாப்பில் அதை எப்படி நிறைவேற்றுவது என்று சொல்லித்தராத படிப்பு பாதிப் படிப்பு.

இனி உறுதியில்லாத பக்கம். முதுகலைப் பட்டம் உங்களை நல்ல ஆசிரியராக்குமா? பொதுப்பாட ஆசிரியர்களைப் பற்றிய ஆய்வுகளில், ஆசிரியரிடம் முதுகலை இருப்பதற்கும் மாணவரின் தேர்வு மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு பொதுவாக மிகச் சொற்பம். அதைத் தொழிற்பாடத்துக்கு அப்படியே தூக்கிப் பொருத்தவும் முடியாது, ஏனென்றால் அங்கே அளந்தது கணிதமும் வாசிப்பும், மைக்ரோமீட்டரை அல்ல. தொழிற்கல்வியின் பலனைப் பற்றியும் சான்றுகள் ஒரே பக்கமாக இல்லை. கேரியர் அகாடமி என்ற பள்ளித் திட்டத்தைக் குலுக்கல் முறையில் ஆராய்ந்து எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறிக்கை, பள்ளிக்குப் பிந்தைய எட்டு ஆண்டுகளில் அதில் படித்தவர்களின் வருமானம் சராசரியாக ஆண்டுக்கு 11 விழுக்காடு கூடுதல் என்றது. கூடுதல் பெரும்பாலும் ஆண்களிடம்தான் தெரிந்தது. மறுபுறம் 11 நாடுகளின் தரவை வைத்து 2017-இல் வந்த ஆய்வு, தொழிற்கல்வி இளமையில் வேலையைச் சுலபமாக்கினாலும் தொழில்நுட்பம் மாறும்போது பிற்காலத்தில் பின்னுக்கு இழுக்கலாம் என்கிறது. இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்து வாதாட வைக்கும் பேராசிரியரிடம் படிப்பது நல்லது. தொழிற்கல்வி எல்லாவற்றையும் தீர்க்கும் என்று பிரசாரம் செய்பவரிடம் படிப்பதில் பெரிய லாபமில்லை.

மூன்றாவது கேள்வியில் பட்டத்தின் பயன் சந்தேகத்துக்கு இடமில்லாதது. பல பள்ளி மாவட்டங்களின் ஊதிய அட்டவணையில் இளங்கலை, இளங்கலையோடு 15 கிரெடிட், முதுகலை, முதுகலையோடு 30 என்று தனித்தனிப் பத்திகள் உண்டு. முதுகலை முடித்தால் பத்தி மாறும், ஓய்வுபெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் அந்த வித்தியாசம் வரும். சில மாவட்டங்கள் தொழில் அனுபவத்தையும் படிநிலையாகச் சேர்க்கும், எல்லாம் சேர்க்காது. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பேச வேண்டியது இது, பின்னால் பேசினால் பெரும்பாலும் காரியம் நடக்காது. தொழிற்கல்வி இயக்குநர், பாடத்திட்ட மேற்பார்வையாளர் போன்ற பதவிகளுக்கு முதுகலையோடு தனி நிர்வாகச் சான்றிதழும் பல மாநிலங்களில் கேட்பார்கள். எட்.டி. (கல்வியியல் முனைவர்), பிஎச்.டி. எல்லாம் பல்கலைக்கழக ஆசிரியப் பணிக்கும் கல்லூரித் தலைமைக்கும். இப்போதைக்கு உங்களுக்கு அது தேவையில்லாத பேச்சு.

செலவில் பணத்தைவிட நேரத்தை முதலில் கணக்கிடுங்கள். இந்த முதுகலை பெரும்பாலும் 30 முதல் 36 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பும் வீட்டு வேலையும் சேர்ந்து ஏறத்தாழ 45 மணி நேரம் என்பது அமெரிக்கக் கணக்கு. 3 கிரெடிட் பாடம் 135 மணி, 15 வாரத்தில் வாரத்துக்கு 9 மணி. இரண்டு பாடம் எடுத்தால் 18. முதல் ஆண்டு ஆசிரியராகப் பாடத்திட்டத்தை ஒன்றுமில்லாமையிலிருந்து எழுதிக்கொண்டு, ஷாப்பைத் துடைத்துக்கொண்டு, வாரம் 18 மணி நேரம் படிப்பது நடக்கிற காரியமல்ல. முதல் ஆண்டில் ஒரு பாடம் போதும், அதுவும் ஷாப் நிர்வாகமாக இருக்கட்டும். வேலை தருபவர் கட்டும் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை உங்களுக்கு வருமான வரி இல்லை. இப்போதைய கம்பெனியிலேயே அந்தச் சலுகை இருக்கிறதா என்று பாருங்கள், விலகினால் திருப்பிக் கட்டவேண்டுமா என்பதையும் பாருங்கள். டீச் கிராண்ட் என்ற கூட்டாட்சி உதவி குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) உள்ளவர் போன்ற தகுதியுள்ளவர்களுக்கும் ஆண்டுக்கு 4,000 டாலர் வரை தருகிறது. பற்றாக்குறைப் பாடத்தில், குறைந்த வருமானப் பள்ளியில், 8 ஆண்டுக்குள் 4 ஆண்டு கற்பிக்க வேண்டும். தவறினால் உதவித்தொகை முழுதும், வாங்கிய நாளிலிருந்து வட்டியோடு, கடனாக மாறிவிடும். உங்கள் மாநிலத்தின் பற்றாக்குறைப் பட்டியலில் உங்கள் பாடம் இருக்கிறதா, உங்கள் பள்ளி தகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று இரண்டையும் பார்க்காமல் அதைத் தொடாதீர்கள்.

உங்கள் நிலையில் வரிசை இப்படி இருப்பதே லாபம். முதலில் அந்தப் பள்ளியின் மனிதவளத் துறையிடமும் மாநிலக் கல்வித்துறையின் சான்றிதழ்ப் பிரிவிடமும், 'இந்த அனுபவத்தோடு எந்த லைசென்ஸில் தொடங்கலாம், எத்தனை கிரெடிட் பயிற்சி கட்டாயம், யார் தரும் பயிற்சி செல்லும்?' என்று கேளுங்கள். அந்தக் கட்டாயப் பயிற்சியை முதுகலை அளவு கிரெடிட்டாகவே தரும் பல்கலைக்கழகம் எது என்று அடுத்துத் தேடுங்கள். அதே பாடங்களை இளங்கலை அளவிலும் நடத்துவார்கள், கட்டணம் குறைவு. ஆனால் அந்தக் கிரெடிட் பின்னால் முதுகலையில் சேராது. பட்டப்படிப்பில் சேராமல் தனி மாணவராக எடுத்த பாடங்களில் எத்தனை கிரெடிட்டைப் பிறகு பட்டத்துக்குள் ஏற்பார்கள் என்பதற்கு ஒவ்வொரு கல்லூரியிலும் உச்சவரம்பு உண்டு, முதல் பாடத்திலிருந்து இத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுவும் உண்டு. இரண்டு எண்ணையும் படிப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னவர் அடுத்த ஆண்டு அதே நாற்காலியில் இருக்கமாட்டார்.